ஞாயிற்றுக்கிழமைத் திருப்பூர்



திருப்பூருக்கு நீங்கள் வந்திருக்கலாம். வராவிட்டாலும், உங்கள் வீட்டுக் கொடியில் காயும் பனியனோ உங்கள் பிள்ளை அணிந்திருக்கும் டீ-சர்ட்டோ இவ்வூரிலிருந்து உங்களைத் தேடி வந்திருக்கும். வியாபார நிமித்தம் இங்கு வருவோர் பெரும்பாலும் காலை ரயிலில் இறங்குவர். நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவர். மூட்டைகளைக் கட்டி லாரி ஆபீசில் போட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடித்து விடுவர். ஊரைப் பற்றிக் கேட்டால், "ஒரே கூட்டம், ஒரே இரைச்சல், வெயிலும் தூசியும்!" என்பர். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது வார நாள் திருப்பூர். நான் உங்களை அழைப்பது வேறொரு திருப்பூருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில் என்னுடன் வாருங்கள்.

முதலில் உங்கள் காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆறு நாளும் தெருவுக்குத் தெரு கேட்டுக் கொண்டிருக்கும் ஓவர்லாக் மெஷின்களின் ஓசை அன்று இருக்காது. பல கம்பெனிகளில் சனிக்கிழமை மாலைதான் வாரக் கூலி. ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என்று கண் விழித்துத் தைத்தவர்கள் அன்று இரவு கையில் காசுடன் கறிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் போய்விட்டு வந்து, மறுநாள் அசந்து உறங்குவர். ஆகவே ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாலைகள் காலியாக இருக்கும். காலியான அந்தச் சாலைகளில்தான் அவர்கள் வருவார்கள். ஒரு மொபெட்டில் மூன்று பேர்; நடுவில் இருப்பவன் மடியில் ஸ்டம்புகள்; பின்னால் இருப்பவன் தோளில் மட்டை. சைக்கிளில் இருவர் இருவராக. கால்நடையாகவும் சிலர். பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள். எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் மைதானத்தைப் பிடிக்க வேண்டும்!

அவர்கள் அணிந்திருக்கும் சட்டைகளைச் சற்றுக் கவனியுங்கள். ஏற்றுமதிக்காகத் தைத்து, ஒரு நூல் பிசகியதாலோ சாயம் சற்று மாறியதாலோ கழித்துக் கட்டப்பட்டு, காதர்பேட்டையில் மலிவாக விற்பனைக்கு வந்த சட்டைகள் அவை. அவற்றில் எழுதியிருக்கும் பெயர்களோ கடல் கடந்தவை. என் மாணவன் ஒருவன் 'நியூயார்க் யாங்கீஸ்' என்று எழுதிய சட்டையை ஆண்டுக் கணக்கில் அணிந்து வந்தான். அது என்ன பெயர் என்று ஒரு நாள் கேட்டேன். "ஏதோ கம்பெனி பேருங்க ஹஜ்ரத்" என்றான்.

அது பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற அணியின் பெயர். நாலு மூலை கொண்ட களம், உருண்டையான தடி, ஒரு பந்து. அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். அந்தப் பையனின் சட்டையால் எனக்கும் ஆர்வம் பிறந்து தேடிப் படித்ததில், ஒரு செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1939இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்கென்றே 'லிட்டில் லீக்' என்னும் பேஸ்பால் போட்டியைத் தொடங்கினார். முதலாண்டில் மூன்றே அணிகள். அந்த மூன்றின் பெயர்களும் என்ன தெரியுமா? ஒன்று மரக்கடையின் பெயர். மற்றொன்று பால் கம்பெனியின் பெயர். மூன்றாவது முறுக்குப் போன்ற ஒரு தின்பண்டம் செய்யும் கம்பெனியின் பெயர். உள்ளூர் வியாபாரிகள் கொடுத்த சிறு பணத்தில்தான் பிள்ளைகளுக்குச் சீருடையும் பந்தும் வந்தன. இன்று அது பல நாடுகளில் பரவி நிற்கும் பெரிய அமைப்பு. திருப்பூர்ப் பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள்: பட்டன் கடை, பிரிண்டிங் பட்டறை, அட்டைப் பெட்டிக் கம்பெனி, பிரியாணிக் கடை! வில்லியம்ஸ்போர்ட்டுக்கும் நமக்கும் இடையே தூரம் அவ்வளவு அதிகமில்லை என்று எண்ணிக் கொண்டேன்.

இவ்வூரின் பனியன் தொழிலுக்கு வித்திட்டவரும் நம்மவரே என்பதைப் பலர் அறியார். 1925இல் குலாம் காதர் என்னும் பெருமகனார் நிறுவிய 'பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்' என்பதே திருப்பூரின் முதல் பின்னலாடை ஆலை எனத் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அங்கிருந்து நூறாண்டுகளில் இவ்வூர் எட்டிய உயரத்தை நான் சொல்லத் தேவையில்லை. 2024-25 நிதியாண்டில் மட்டும் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. வளர்ந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு எத்தனை மைதானங்களை விட்டு வைத்தது என்று கேட்டால் மட்டும் நமக்குப் பதில் சொல்ல நாக்கு எழாது. காலியிடம் என்றால் குடோன். குடோன் இல்லையென்றால் லைன் வீடு.

என் கதையையும் இங்கே சற்றுச் சொல்லிவிடுகிறேன். நான் கைமடிப் பையனாக இருந்தவன். தையல்காரர் தைத்துத் தள்ளும் துணியை மடித்தும் பிரித்தும் அடுக்கியும் கொடுக்கும் சிறுவனுக்கு எங்கள் ஊரில் அப்படிப் பெயர். பள்ளி விடுமுறைகளில், பன்னிரண்டு வயதில், காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவுதான் வெளியே வருவேன். ஆனாலும் ஞாயிறு இருந்தது. பந்து வாங்கக் காசில்லாத நாங்கள் பனியன் வேஸ்ட்டை இறுக்கி உருட்டி, கிழிந்த சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி அதன் மேல் மாட்டிப் பந்து செய்வோம். மழையில் நனைந்தால் அது கல்லாகக் கனக்கும்! நொய்யல் கரையில் ஆடுவோம். நதி அப்போதே பல வண்ணங்களில் ஓடத் தொடங்கியிருந்தது. பந்து நதியில் விழுந்தால் அன்றைய சாய நிறத்தோடு திரும்பி வரும்.

அந்நாட்களில் எங்களுக்கெல்லாம் ஒரே நாயகன் முஹம்மது அஸாருத்தீன். 1984 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் தொடங்கிய டெஸ்டில் அறிமுகமாகி, அங்கே ஒரு சதம், அடுத்துச் சென்னையில் ஒரு சதம், அதற்கடுத்துக் கான்பூரில் ஒரு சதம் என முதல் மூன்று டெஸ்டுகளிலும் நூறு கண்டவர். மணிக்கட்டை ஒரு திருப்பு; ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்து லெக் பக்கம் பாய்ந்தோடும். என் சட்டைக் காலரை நானும் அவரைப் போல் தூக்கி விட்டுக் கொள்வேன். என் அத்தா அதைப் பார்த்துக் காதைத் திருகுவார்.

சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறு படித்து முடித்து, அரபிக் கல்லூரியில் ஓதச் சேர்ந்திருந்தேன். 2000 டிசம்பரில் ஒரு தேநீர்க் கடையில் தொங்கிய செய்தித்தாளில், சூதாட்ட விவகாரத்தில் அவருக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆயுள் காலத் தடை விதித்திருப்பதைப் படித்தேன். அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். ஆனால் 2000இல் எனக்கு வயது இருபத்தொன்று. அன்று என்னுள் ஏதோ ஒன்று அணைந்து போயிற்று. அதன் பிறகு ஸ்கோர் கேட்கவில்லை; மட்டையைத் தொடவில்லை. மக்தபில் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய பின், "பந்து விளையாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளைகளிடம் கேட்பது என் வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் காதைத் திருகிய பிள்ளைகளின் எண்ணிக்கை எனக்கே தெரியாது.

சென்ற 2025இன் பிற்பகுதியில், அந்த யாங்கீஸ் சட்டைக்காரன் மூன்று ஞாயிறு தொடர்ந்து மக்தபுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன்; நல்ல குரல்வளம் உள்ளவன். நான்காவது ஞாயிறு அவன் அத்தாவே என்னைத் தேடி வந்தார். பவர் டேபிள் தையல்காரர். அந்த ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்திருந்த காலம் அது. ஆர்டர்கள் நின்று, ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகி, அதுவும் வாரத்தில் நான்கு நாளாகச் சுருங்கியிருந்தது அவருக்கு. "பரீட்சை முடிஞ்சதும் அவனைச் செக்கிங்ல சேர்த்துடலாம்னு இருக்கேனுங்க ஹஜ்ரத். ஆனா அவன் கிரிக்கெட்னு சுத்திட்டு இருக்கான். ஏதோ மாவட்ட அளவுல பதினாறு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தேர்வு நடக்குதாமா. நீங்க சொன்னா கேப்பான். கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார்.

சொல்லி வைப்பதில் நான் கைதேர்ந்தவன் அல்லவா? உடனே புறப்பட்டேன்.

ஊரின் தெற்கே, மூடப்பட்ட சாயப் பட்டறை ஒன்றின் பின்புறம் இருந்தது அந்த இடம். சாயக் கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதை நீங்கள் அறிவீர்கள். பின்னர் கழிவு நீரை வெளியே விடாத முறைக்கு மாறிப் பல பட்டறைகள் திறந்து கொண்டன. சில திறக்கவே இல்லை. திறக்காத பட்டறை ஒன்றின் வேலியோரத்தில், சீமைக் கருவேலை வெட்டி, கல் பொறுக்கி, சாக்கில் மண் கொண்டு வந்து கொட்டிப் பிள்ளைகளே ஆடுகளம் செய்திருந்தார்கள். எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு இல்லை. அதற்குப் பதிலாக, பனியன் துணியின் ஓரத்தில் வெட்டிக் கழிக்கும் நாடாக்களை முடிச்சுப் போட்டு நீளமாகக் கட்டியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று காற்றில் அவை ஆடிக் கொண்டிருந்தன. திருப்பூரில் தவிர வேறெங்கும் இப்படியொரு எல்லைக் கோட்டைக் காண முடியாது!

எட்டு அணிகள், ஆறு ஓவர் ஆட்டம், டென்னிஸ் பந்து. இந்த ஆட்டத்துக்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. எல்.பி.டபிள்யூ. கிடையாது. பட்டறைச் சுவரைத் தாண்டினால் ஆறு ஓட்டம் அன்று, அவுட்! ஏனென்றால் பந்தை எடுக்கச் சுவரேறிக் குதித்தால் காவல்காரர் சத்தம் போடுவார். நான் வேலியோரம் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற சிறுவன் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன் என்று பிறகு அறிந்தேன். தன் தோழர்களிடம் இந்தியிலும், ஸ்கோரைத் தமிழிலும், கோபம் வந்தால் தன் தாய்மொழியிலும் பேசினான். ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் தலைவன். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருவர். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஊரும் பேரும் பார்க்கிற இதே ஊரில்தான் இந்தப் பதினொருவரும் ஒரே தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்று குடித்தார்கள்.

பிறகு என் மாணவன் பந்து வீச வந்தான். இடக்கைக்காரன். ஓதும்போது ஏட்டில் விரல் வைத்துப் படிக்கும் அதே இடக்கை; வலக்கையைப் பயன்படுத்து என்று நான் பலமுறை கண்டித்த கை. ஓடி வந்து வீசினான். பந்து மட்டையாளனின் கால் விரலருகே தரையைத் தொட்டுக் கட்டையைச் சாய்த்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை எப்படியோ தடுத்துவிட்டான் எதிரணிப் பையன். என்னையறியாமல் "ஆஹா!" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். என் மாணவனின் முகம் வெளிறியது.

கால் விரலுக்கு வரும் அந்தப் பந்தை யார்க்கர் என்பார்கள். டென்னிஸ் பந்து தரையில் பட்டால் உயரமாக எழும்பும். எழும்பினால் மட்டையாளன் தூக்கி அடித்து விடுவான். ஆகவே தரையில் எழ இடம் கொடுக்காமல் காலடியில் போடுவதே பந்து வீச்சாளனுக்குப் பாதுகாப்பு. இந்தப் பள்ளியில்தான் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் படித்தார். தகப்பனார் தறித் தொழிலாளி. தாயார் சாலையோரக் கோழிக்கறிக் கடைக்காரர். இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2015இல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமானதும் அவர் பந்து வீசும் முறை மீது ஐயம் எழுப்பப்பட்டது. முறையைத் திருத்திக் கொண்டு மீண்டும் வந்தார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒரு நாள் ஆட்டம், டிசம்பர் 4 அன்று டி-20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்பு தம் கிராமத்திலேயே மைதானம் ஒன்றை அமைத்தார். 2023 ஜூனில் அதைத் திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். இச்செய்திகளில் பாதியை எனக்குச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம்! நான் செய்தியை விட்ட இருபத்தைந்து ஆண்டுகளை அவர்கள் வேலியோரத்தில் நின்று எனக்கு நிரப்பிக் கொண்டிருந்தார்கள். 2025 ஜூலை 6 அன்று திண்டுக்கல் நத்தம் மைதானத்தில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில், சாய் கிஷோர் தலைமையில் திருப்பூர் தமிழன்ஸ் அணி 220 ஓட்டங்கள் குவித்து, அஸ்வின் தலைமையேற்ற திண்டுக்கல் அணியை 118 ஓட்ட வித்தியாசத்தில் வென்றதைப் பந்து பந்தாகச் சொன்னார்கள். அந்த அணி முதலில் காரைக்குடியின் பெயரில் ஆடியது என்று ஒரு சிறுவன் சொல்ல, "இப்ப நம்ம ஊருடா!" என்று மற்றவன் அவன் வாயை அடைத்தான்.

நான் வந்த வேலையை மறந்துவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் மாணவனைத் தனியே அழைத்தேன். அவன் குனிந்த தலையுடன் வந்தான். எதைச் சொல்வது? கைமடியாக நின்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என் தொண்டையில் நின்று கொண்டான். "தேர்வுக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்டேன். தோல் பந்து பழக்கம் வேண்டும் என்றான். தோல் பந்து காற்றில் வளையும், தரையில் உதையும், மேலே பட்டால் வலிக்கும். காலுறைக் காப்பும் கையுறையும் இல்லாமல் ஆட முடியாது. ஒரு பந்தின் விலை அவன் அத்தாவின் ஒரு நாள் கூலியில் பெரும் பகுதி. சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் பழகும் மூத்த பிள்ளைகள் பழைய பந்துகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "படிப்பை விடமாட்டேனுங்க ஹஜ்ரத். செக்கிங்குக்கும் லீவுல போறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது. மஹல்லா நிர்வாகிகளிடம் பேசி, பெரிய பிள்ளைகளின் ஞாயிறு காலைப் பாடத்தை மஃரிபுக்குப் பின் மாற்றினேன். "விளையாட்டுக்காகப் பாடத்தை மாற்றுவதா?" என்று ஒரு பெரியவர் சினந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், அம்பெய்து பழகியோரை ஊக்குவித்ததையும் பணிவுடன் நினைவூட்டினேன். அவர் முழுச் சம்மதம் தந்தார் என்று சொல்ல மாட்டேன். "வருகை குறைந்தால் பழையபடி காலைக்கே" என்று நிபந்தனை போட்டார். வருகை இதுவரை குறையவில்லை. ஆனால் பையனின் அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆர்டர் இல்லாத வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்பதற்கு என்னிடம் மாற்று வழியேதும் இல்லையே! அவரைத் தெருவில் கண்டால் சில வாரங்கள் சுற்று வழியாகப் போனேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

அதற்குள் பிள்ளைகள் எனக்கு ஒரு பதவி கொடுத்து விட்டார்கள். "ஹஜ்ரத் பொய் சொல்ல மாட்டார்" என்று இரு அணியும் சேர்ந்து என்னை அம்பயராக நிறுத்தி விட்டன. தொப்பியும் ஜிப்பாவுமாக வெயிலில் நின்று, ஆறு கூழாங்கற்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பந்துகளை எண்ணுகிறேன். முதல் நாள் ஒரு ஓவரில் ஏழு பந்து போட விட்டுவிட்டேன். பெரிய கலவரம்!

சென்ற மாதம் ஓர் அரையிறுதி. கடைசி ஓவர், மூன்று ஓட்டம் தேவை. என் மாணவனே மட்டை பிடித்திருந்தான். தட்டிவிட்டு ஓடினான், இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பினான். எல்லையிலிருந்து எறி வந்தது. கட்டை சாய்ந்தபோது அவன் மட்டை கோட்டுக்கு அரையடி இப்பால் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். நான் விரலை உயர்த்தினேன். அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நடந்தான்.

ஆட்டம் முடிந்து, கூழாங்கற்களைப் பையில் போட்டுக் கொண்டு வேலிப் பக்கம் வந்தேன். வண்ண நாடாவுக்கு அப்பால், மொபெட்டின் மேல் சாய்ந்தபடி அவன் அத்தா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, தெரியவில்லை. இனி சுற்று வழி இல்லை. ஸலாம் சொல்லிக் கிட்டே போனேன். ஸலாமுக்குப் பதில் சொன்னார். சற்று நேரம் ஆடுகளத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு கேட்டார்:

"ஏனுங்க ஹஜ்ரத், நெசமாவே அவுட்டுங்களா?"